செயின் கடை பார்பிக்யூ நன்றாக இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் குடியேறியதிலிருந்து வீட்டுக் கொல்லையில் ஒரு ஸ்மோக்கர், அதாவது விறகுப் புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு, வைத்திருக்கிறேன். இர்விங், பிளேனோ, ஃப்ரிஸ்கோ என்று புதிதாக வந்து இறங்கும் நம் ஆட்களுக்கு இது தெரிந்துவிட்டது. பொங்கல் விழாவோ பிள்ளைகளின் பிறந்தநாளோ, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்பிக்யூ பற்றிக் கேட்காமல் போவதில்லை. பெரும்பாலும் ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் செயின் கடைகளைப் பற்றித்தான் கேட்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், ஆபீஸ் மதிய விருந்துக்கு வரவழைப்பதும் அவைதானே. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணா, பார்பிக்யூன்னா நம்ம ஊரு தந்தூரி, கிரில் சிக்கன் மாதிரிதானே?

இல்லை. தந்தூரி அடுப்பில் கடும் சூடு, சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். சென்னையில் மேசை நடுவே தணல் வைத்து, கம்பியில் கோத்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடும் கடைகளும் அந்த வகைதான். நேரடி நெருப்பு, சின்னத் துண்டு, குறைந்த நேரம். அமெரிக்கர்கள் அதை கிரில் என்பார்கள்.

டெக்சாஸில் பார்பிக்யூ என்றால் நெருப்பு ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். நடுவில் போவது வெக்கையும் புகையும் மட்டும்தான். சூடு 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ். ஒரு முழு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) வேக 10 மணி நேரத்திலிருந்து 16 மணி நேரம் வரை ஆகும். செயின் கடைகளின் நல்லது கெட்டது எல்லாம் இந்த நீண்ட நேரத்தை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

எதுக்கு அவ்வளவு நேரம்? குக்கர்ல போட்டா ஒரு மணியில வெந்துடுமே?

வெந்துவிடும், மெத்தென்றும் ஆகிவிடும். ஆனால் அது வேறு பண்டம். பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே உள்ள நெஞ்சுக்கறி. மாடு நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பின் பாரத்தைத் தாங்குகிற தசை. அதனால் நார் அதிகம், நாரைக் கட்டி வைத்திருக்கும் சவ்வும் அதிகம். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் மெல்ல மெல்ல உருகி ஜெலட்டின் ஆனால்தான் கறி வாயில் கரையும். அவசரப்பட்டால் தசையில் உள்ள நீர் போய்விடும், சவ்வு மட்டும் அப்படியே நிற்கும்.

நடுவில் ஒரு சோதனை உண்டு. கறியின் உள்சூடு 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். சில சமயம் நான்கைந்து மணி நேரம்கூட நகராது. கறியின் மேல் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். வியர்த்தால் நமக்கு உடம்பு குளிர்கிறதே, அதே கணக்கு. அதைத் தாண்டி 200, 205 டிகிரி வரும்போதுதான் பதம். குக்கரில் இந்தப் போராட்டமே இல்லை. ஆனால் மேலே மிளகும் உப்பும் கொழுப்பும் புகையும் சேர்ந்து உறைகிற அந்தக் கரும் பொருக்கும் குக்கரில் கிடைக்காது.

செயின் கடைக்கும், சனிக்கிழமை கியூ நிக்கற ஒத்தக் கடைக்கும் என்னதான் வித்தியாசம்?

நெருப்புக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம். லாக்ஹார்ட் ஊரில் க்ரூஸ் மார்க்கெட் 1900இலிருந்து இருக்கிறது, பிளாக்ஸ் 1932இலிருந்து. ஆஸ்டினில் ஃப்ராங்க்ளின் 2009இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது. இப்படிப்பட்ட கடைகளில் இரவு முழுக்க ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கொல்லையிலேயே முக்கால் மணிக்கு ஒரு கட்டை வைக்க வேண்டியிருக்கிறது. காற்று திரும்பினால், விறகு ஈரமாக இருந்தால், ஒரு மாடு கொழுத்தும் இன்னொன்று இளைத்தும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். நல்ல புகை மெலிதாக, நீலம் பாரித்துப் போகும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கறி கசக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிறவரைத்தான் பிட்மாஸ்டர் என்கிறார்கள்.

நூறு கிளைக்கு நூறு பிட்மாஸ்டர்கள் கிடைப்பதில்லை. அதனால் செயின் கடை அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறது. சதர்ன் பிரைட், ஓல் ஹிக்கரி என்ற பெயர்களில் பெரிய எஃகு அலமாரி போன்ற அடுப்புகள் உண்டு. சூட்டை கேஸ் பார்த்துக்கொள்ளும். புகைக்கு ஓரத்தில் சில கட்டைகள். உள்ளே தட்டுகள் ராட்டினம் போல மெதுவாகச் சுற்றும். இரவு ஏற்றிவைத்து, சூட்டைக் குறித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்போ கேஸ்ல சமைச்சா அது பார்பிக்யூவே இல்லைன்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. கேஸ் உதவியோடு சுற்றும் அடுப்பிலிருந்து அருமையான கறி வந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். புகை வாசம் கொஞ்சம் மெலிதாக இருக்கும், பொருக்கு கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான். சுற்றும் அடுப்பிலேயே விறகை மட்டும் எரிக்கிறவையும் உண்டு. டாலஸை ஒட்டிய மெஸ்கீட் ஊரில் செய்யப்படும் ஆய்லர் அந்த வகை. அதில் சூடு முழுக்க விறகிலிருந்துதான்.

நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு: கறி அந்தக் கிளையிலேயே வெந்ததா? சில இடங்களில் எங்கோ ஒரு மையச் சமையற்கூடத்தில் வேகவைத்து, குளிரூட்டி, பையில் அடைத்து அனுப்புகிறார்கள். கிளையில் சுடவைப்பது மட்டும்தான் வேலை. கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். விறகு அடுக்கியிருக்கிறதா, கூரையில் புகைபோக்கி இருக்கிறதா, வண்டியை நிறுத்தும்போதே வாசம் வருகிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உள்ளே போய்க் கேட்கவும் தயங்க வேண்டாம். "இங்கேயே ஸ்மோக் செய்கிறீர்களா, எந்த விறகு?" என்று கேட்டால், செய்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். டெக்சாஸின் நடுப்பகுதியில் போஸ்ட் ஓக், மேற்கிலும் தெற்கிலும் மெஸ்கீட் மரம், கிழக்கே போகப் போக ஹிக்கரி.

சில நாள் கறி காஞ்ச கருவாடு மாதிரி இருக்கே, அது எதனால?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலும் சமையலில் தப்பு நடப்பதில்லை. வெந்த பிறகு கறியை வைத்திருந்த விதத்தில்தான் நடக்கிறது.

அடுப்பிலிருந்து இறங்கிய பிரிஸ்கெட் ஓய்வெடுக்க வேண்டும். நல்ல கடைகள்கூடத் தாளில் சுற்றி, 140, 150 டிகிரி சூட்டுப் பெட்டியில் பல மணி நேரம், சில சமயம் இரவு முழுக்க வைக்கிறார்கள். அது கறிக்கு நல்லது. உருகிய ஜெலட்டின் கெட்டிப்பட்டு நீரைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதியும் சூடாக வைக்கும் கறி 135 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. ஆக, வைத்திருப்பது குற்றமில்லை. வெட்டி வைப்பதுதான் குற்றம். முழுக் கறியாக இருக்கும்வரை பொருக்கும் கொழுப்பும் அதற்குப் போர்வை. துண்டு போட்ட நிமிடத்திலிருந்து ஒவ்வொரு துண்டின் இரண்டு முகமும் திறந்து கிடக்கிறது. கால் மணி நேரத்தில் ஓரம் சாம்பல் நிறமாகிவிடும்.

ஒரு முறை குடும்பத்தோடு ஒரு செயின் கடைக்கு இரவு எட்டரைக்குப் போனோம். கடைப்பையன் கத்தியைத் தொடவே இல்லை. ஆவி வரும் எஃகுத் தட்டின் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஆறு துண்டுகளை எடுத்து வைத்தான். துண்டுகளின் ஓரம் சுருண்டு இருந்தது. அடியில் தேங்கிய தண்ணீரில் மிளகு முழுக்க கழுவிப்போய், பொருக்கு ஊறின அட்டை மாதிரி ஆகியிருந்தது. என் மகள் ஒரு துண்டை இழுத்தாள், அது நூல் நூலாகப் பிரிந்தது. அந்தக் கறி காலையில் நன்றாகத்தான் இருந்திருக்கும். ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்த கறியை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

எத்தனை மணிக்குப் போனா நல்ல கறி கிடைக்கும்?

காலை 11 முதல் மதியம் 1 வரை. ராத்திரி ஏற்றிய கறி அப்போதுதான் வெட்டுக்கு வரும், கூட்டமும் இருப்பதால் எதுவும் தங்காது. ஒத்தக் கடைகள் கறி தீர்ந்ததும் வாசல் போர்டைத் திருப்பிக் கடையை மூடிவிடும். செயின் கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும் என்பதால், மாலையில் கிடைப்பது அநேகமாகக் காலைக் கறிதான். ஏதோ ஒரு கறி தீர்ந்துவிட்டது என்று ஒரு செயின் கடை சொன்னால் எனக்கு அதன் மேல் மரியாதை கூடும்.

ஆர்டர் எடுக்கறவர் "லீனா, மாய்ஸ்ட்டா"ன்னு கேட்டார். முழிச்சேன். என்ன சொல்லணும்?

பிரிஸ்கெட் இரண்டு தசை ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. தட்டையான பகுதி ஃப்ளாட், அதுதான் லீன். கொழுப்பு ஊடாடிய தடித்த பகுதி பாயிண்ட், அதுதான் மாய்ஸ்ட். சில கடைகளில் ஃபேட்டி என்றும் சொல்வார்கள். பேரைக் கேட்டுப் பயந்து பலர் லீன் வாங்கிவிடுகிறார்கள். செயின் கடையில் அது ஆபத்து, முதலில் காய்ந்துபோவது ஃப்ளாட்தான். மாய்ஸ்ட் வாங்குங்கள். ஆளுக்கு ஆள் பிடித்தம் வேறாக இருந்தால் பாதிப் பாதி கேளுங்கள், கொடுப்பார்கள்.

லீன் துண்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பென்சில் தடிமனுள்ள ஒரு துண்டை விரல் மேல் தொங்கவிடுங்கள். ஒடியாமல் வளைந்து தொங்க வேண்டும். இரண்டு முனையையும் லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். தொங்கும்போதே உதிர்ந்தால் குழைந்துவிட்டது, ரப்பர் போல இழுபட்டால் பதம் வரவில்லை.

கோழிக்கறி உள்ளே ரோஸ் கலரா இருக்கு. வேகாம குடுத்துட்டாங்களா?

அநேகமாக இல்லை. விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்ஸைடு, கறியில் உள்ள மயோகுளோபின் என்ற நிறமியோடு சேர்ந்து அந்த ரோஸ் நிறத்தை நிலைக்க வைத்துவிடும். வெந்த பிறகும் அது மாறாது. தோலை ஒட்டி மட்டும் ரோஸ் என்றால் புகைதான் காரணம். கோழி, வான்கோழிக்கு அளவுகோல் நிறமல்ல, உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் எலும்புக்குப் பக்கத்தில் சதை வழவழப்பாக, ஒட்டும் பதத்தில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ரோஸ் வளையம் பெருசா இருந்தா நல்ல பார்பிக்யூன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பார்க்க அழகு, அவ்வளவுதான். ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பதப்படுத்தும் உப்பு தடவினால் புகையே இல்லாமலும் அந்த வளையம் வரும். கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கம் நடத்தும் போட்டிகளில் நடுவர்கள் அதற்கு மதிப்பெண் போடக்கூடாது என்பதே விதி. முன் கேள்வியில் சொன்ன வேதியியல்தான் இதற்கும்.

ரிப்ஸ் தொட்டதும் எலும்பு தனியா கழண்டு வந்துடுச்சு. சூப்பர்தானே?

ரிப்ஸ் என்றால் விலா எலும்புக்கறி. நம் வீட்டில் நெஞ்செலும்புக் குழம்புக்கு அது சரி. பார்பிக்யூவில் அது குழைந்ததற்கு அடையாளம். கடித்த இடத்தில் மட்டும் கறி சுத்தமாக வந்து, பல் தடம் பதிந்து, மற்ற இடத்தில் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். செயின் கடைகள் பல இந்தக் குழைந்த பதத்தையே விளம்பரம் செய்கின்றன. காரணம் எளிது: ஆவியில் வைத்த ரிப்ஸ் தானாகவே அப்படி ஆகிவிடும், தப்பு செய்தாலும் தெரியாது. ஆனால் பல் இல்லாத தாத்தாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதுதான் வசதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாஸ் ஊத்தாம சாப்பிடணும்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். ஊத்தலாமா கூடாதா?

தாராளமாக ஊற்றலாம், முதல் வாய்க்குப் பிறகு. சாஸ் இல்லாமல் ஒரு துண்டு சாப்பிட்டால்தான் கறியின் தரம் தெரியும். இனிப்பும் புளிப்புமான சாஸ் காய்ந்த கறியை மறைத்துவிடும். லாக்ஹார்ட் க்ரூஸ் நெடுங்காலம் சாஸே கொடுக்காத கடை.

ஊருக்கு ஊர் சாஸ் மாறும். கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப் பாகும் சேர்த்துக் கெட்டியாக. வட கரோலினாவின் கிழக்கில் காடியும் மிளகாயும் மட்டும், நம் நாக்குக்கு அது சட்டென்று பிடிக்கும். தென் கரோலினாவில் கடுகு. அலபாமாவின் வடக்கில் மயோனைஸ் சேர்த்த வெள்ளைச் சாஸ், கோழிக்கு. செயின் கடையில் எல்லா ஊர் சாஸும் ஒரே மேசையில் வரிசையாக இருக்கும். எந்த ஊர்க் கறிக்கு எது என்று தெரிந்தால் அந்த வரிசைக்கு அர்த்தம் வரும்.

சுத்தி வளைக்காதீங்க. எந்த செயின் நல்லது, பேரைச் சொல்லுங்க.

டெக்சாஸில் முதன்முறை போகிறவர்களை நான் ரூடீஸுக்குத்தான் கூட்டிப்போவேன். சான் அன்டோனியோ பக்கம் லியான் ஸ்பிரிங்ஸில் பிறந்த கடை. பல கிளைகள் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்தே இருக்கும், "டெக்சாஸிலேயே மோசமான பார்பிக்யூ" என்று தன்னைத்தானே போர்டில் எழுதி வைத்திருக்கும். ஓக் விறகு. எடை போட்டு, நம் கண் முன்னால் பலகையில் வெட்டித் தாளில் வைத்துக் கொடுப்பார்கள். மேலே காய்ந்த கறி பற்றிச் சொன்னேனே, அந்தப் பிழைக்கு இங்கே இடம் குறைவு. கூடவே கிரீமில் செய்த சோளம், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

டிக்கீஸ் 1941இல் டாலஸில் ஒரு குடும்பம் தொடங்கிய கடை. 1994இல் பிறர் தன் பெயரில் கிளை நடத்த உரிமம் (பிரான்சைஸ்) கொடுக்கத் தொடங்கி, ஒரு காலத்தில் 500க்கும் மேல் கிளைகள் வரை வளர்ந்தது. கிளையின் முதலாளி யார் என்பதைப் பொறுத்தே தரம் அமையும் வகை இது. சான் அன்டோனியோவின் பில் மில்லர் விலை குறைவான, அன்றாடச் சாப்பாட்டுக் கடை. அந்த எதிர்பார்ப்போடு போனால் திருப்தியாக வரலாம்.

டெக்சாஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் 1968இல் தொடங்கிய சன்னீஸ், பன்றிக்கறிக்குப் போகலாம். ஓஹாயோவின் கொலம்பஸில் 1999இல் தொடங்கிய சிட்டி பார்பிக்யூ அந்தந்தக் கிளையிலேயே ஸ்மோக் செய்கிறது. மேரிலாந்தின் மிஷன் பார்பிக்யூ 2011 செப்டம்பர் 11 அன்று திறந்தது, தினமும் நண்பகலில் தேசிய கீதம் போடுவார்கள். எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், நீங்களும் நில்லுங்கள். ஃபேமஸ் டேவ்ஸ் 1994இல் விஸ்கான்சினில் தொடங்கியது, 2022இல் கனடாவின் எம்டிஒய் நிறுவனத்தின் கைக்குப் போனது. ரிப்ஸுக்கும் சாஸுக்கும் பேர்போனது.

ஹைவேல பக்கீஸ் பிரிஸ்கெட் சாண்ட்விச் எனக்குப் பிரமாதமா இருந்துச்சே. அது தரம் இல்லையா?

பக்கீஸ் என்பது ஹைவே ஓரத்தில் பெட்ரோல் பங்க்கோடு இருக்கும் பெரிய செயின் கடை. ஹூஸ்டன் போகும் வழியில் நானும் நிறுத்துகிறேன். பலகையில் புதுக் கறி வந்ததும் எல்லோரும் சேர்ந்து சத்தம் கொடுப்பதைக் கேட்கவே பிள்ளைகள் விரும்புகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொத்திய கறியில் லீனும் கொழுப்பும் சாஸும் கலந்துவிடும், காய்ந்த துண்டும் அதில் மறைந்துவிடும். அதனால் எந்தச் செயின் கடையிலும், நேரம் கெட்ட நேரத்தில் போனால், வெட்டிய துண்டை விடக் கொத்துக்கறி சாண்ட்விச் பாதுகாப்பான தேர்வு.

நாங்க மாடு சாப்பிட மாட்டோம். டீம் லஞ்ச் அங்கேதான். என்ன வாங்கறது?

வான்கோழி நெஞ்சுக்கறி கேளுங்கள். உப்பு நீரில் ஊறவைத்து, மிளகு தடவிப் புகையில் வேகவைப்பார்கள். செயின் கடைகளில் ஒழுங்காக அமைவது பல சமயம் அதுதான். கோழியும் இருக்கும். சாசேஜ் வேண்டாம், மாடும் பன்றியும் கலந்திருக்கும், உறை பன்றிக் குடலாகவும் இருக்கலாம். கூட வரும் பண்டங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பீன்ஸில் பிரிஸ்கெட் துணுக்கோ பேக்கன் என்ற பன்றிக்கறிச் சீவலோ கிடக்கும், பச்சை பீன்ஸிலும் பேக்கன் போடுவார்கள்.

சுத்த சைவம் என்றால் மக்காச்சோளம், கோல்ஸ்லா, உருளைக்கிழங்கு சாலட், மாக் அண்ட் சீஸ், சுட்ட உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள், முட்டை பல இடங்களில் இருக்கும். ஹலால் பார்ப்பவர்களுக்குப் பொதுவான செயின் கடை ஒத்துவராது. கறி ஹலால் இல்லை என்பதோடு, பன்றியும் மாடும் ஒரே அடுப்பில், ஒரே பலகையில், ஒரே கத்தியில் வருகின்றன. டாலஸ், ஹூஸ்டன் பக்கங்களில் ஹலால் கறி மட்டுமே ஸ்மோக் செய்யும் தனிக் கடைகள் உண்டு. நம் முஸ்லிம் நண்பர்களோடு போகும்போது அங்கேதான் போகிறோம்.

மேல கருப்பா இருக்கறத வெட்டிப் போட்டுடணுமா? கேன்சர் வரும்ங்கறாங்க, அம்மா பயப்படறாங்க.

நல்ல கடையில் அந்தக் கருப்பு கரியல்ல. மிளகு, உப்பு, கொழுப்பு, புகை சேர்ந்து காய்ந்த பொருக்கு. நாக்கில் வைத்தால் உறைப்பும் உவர்ப்பும் தெரியும். கசந்தால் அது தீய்ந்தது அல்லது கெட்ட புகை, அதைத் தள்ளிவிடலாம்.

அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவிலும், மாடு, பன்றி, ஆடு போன்ற செவ்விறைச்சியை அதற்கு அடுத்த பிரிவிலும் சேர்த்தது. புகைபோட்டுப் பதப்படுத்துவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. அதனால் எங்கள் வீட்டில் இது மாதம் ஒரு முறைச் சாப்பாடு, வாராவாரம் இல்லை.

ஒரு பவுண்டு முப்பது டாலருக்கு மேலன்னு போட்டிருக்கான். அநியாயமா இல்ல?

அடுப்பில் ஏறும் 14 பவுண்டு பிரிஸ்கெட், கொழுப்பு நீக்கி, வெந்து, நீர் வற்றி இறங்கும்போது ஏறக்குறைய பாதியாகத்தான் நிற்கும். அதற்கு மேல் விறகு, ராத்திரி ஆள் கூலி. செயின் கடையில் விலை குறைவாக இருந்தால் எங்கே குறைத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்க அரசின் தர வரிசையில் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று மாட்டுக்கறி இறங்கிக்கொண்டே போகும். செலக்டில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் காயும். இரண்டு பேருக்கு ஆளுக்கொரு தட்டு வாங்குவதைவிட, அரைப் பவுண்டு மாய்ஸ்டும் கால் பவுண்டு வான்கோழியும் எடை போட்டு வாங்கிப் பகிர்வது கட்டுப்படியாகும். ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும்.

போன தடவை தேன் மாதிரி இருந்துச்சு. அதே கிளை, இந்தத் தடவை ரப்பர். எப்படி அண்ணா?

இயந்திரம் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று மூன்றாம் கேள்வியில் சொன்னேன். ஆனால் எந்தக் கறி எப்போது இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஒரே அடுப்பில் ஏறிய பத்து பிரிஸ்கெட்டில் ஒன்று பத்தாம் மணியில் பதம் வரும், இன்னொன்று பதிமூன்றில். விரலால் அழுத்திப் பார்க்கிற ஆள் இருந்த நாளில் நீங்கள் தேனைச் சாப்பிட்டீர்கள். கடிகாரத்தைப் பார்த்து இறக்கிய நாளில் ரப்பரைச் சாப்பிட்டீர்கள்.

இன்னொன்று கத்தி. நாருக்குக் குறுக்கே வெட்டினால் கறி மெத்தென்று இருக்கும், நாரின் போக்கிலேயே வெட்டினால் நல்ல கறியும் கயிறாகிவிடும். பிரிஸ்கெட்டின் இரண்டு தசையிலும் நார் வெவ்வேறு திசையில் ஓடுவதால், நடுவில் வந்ததும் கறியைத் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தட்டில் உள்ள துண்டைப் பாருங்கள்: நீளநீளமாகக் கோடு ஓடினால் தப்பான வெட்டு. உங்கள் கத்தியாலேயே குறுக்கே ஒரு முறை நறுக்கிக்கொண்டால் பாதி ரப்பர் சரியாகிவிடும். உண்மையிலேயே வேகாத கறி என்றால் மெதுவாகச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாப்பா பிறந்தநாளுக்கு நாப்பது பேர். செயின் கடைல ஆர்டர் குடுக்கலாமா?

கொடுக்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். காரணம் ஐந்தாம் கேள்வியில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு வெந்த கறி மூன்றில் ஒரு பவுண்டு கணக்கு. நாற்பது பேரில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் என்றால் மொத்தம் 11, 12 பவுண்டு போதும். முழு பிரிஸ்கெட் ஒன்று, மீதிக்கு வான்கோழியும் கோழியும் வைத்தால் மாடு சாப்பிடாதவர்களுக்கும் ஆயிற்று. கறியை வாங்கி வந்ததும் பிரிக்காமல், பழைய துவாலையில் சுற்றி, ஐஸ் போடாத கூலர் பெட்டியில் மூடி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் சூடு நிற்கும். கேக் வெட்டி முடித்த பிறகு கத்தியை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மிச்சமானால் துண்டு போடாமலேயே ஃபாயிலில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் இரண்டு கரண்டி சூப்புத் தண்ணீர் தெளித்து, 250 டிகிரி ஓவனில் உள்சூடு 165 வரும்வரை வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். ஓரத்தில் உதிர்ந்த பொருக்குத் துணுக்குகளைத் தூக்கிப்போடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், பச்சை மிளகாய், முட்டையோடு தோசைக்கல்லில் போட்டுப் பரோட்டாவோடு கொத்துவார்கள். மறுநாள் காலை அதற்குத்தான் போட்டி.